வலிப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வலிப்பு வந்தால்

தலையில் தையல் காய்வதற்குள் மறுபடியும் வலிப்பு வந்தால் வீடே இடிந்துபோகும். ஆபரேஷன் வீண் என்று அப்போதே முடிவுகட்ட வேண்டாம். முதல் வாரத்து வலிப்புக்கு அறுத்த இடத்தின் வீக்கமும், கசிந்த இரத்தம் மூளையை உறுத்துவதும் காரணமாக இருக்கலாம். காய்ச்சல், இரத்தத்தில் சோடியம் என்ற உப்பு குறைவது, வாந்தியோடு போன மாத்திரை இவையும் கிளப்பிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் வந்து, மெல்லக் குறைந்து நின்றுபோகிறது. ஆனாலும் வந்த ஒவ்வொன்றையும் ஆபரேஷன் செய்த மருத்துவருக்குச் சொல்லுங்கள். பழைய மாதிரியே வந்ததா, புது மாதிரியா என்பதுதான் அவருக்கு முக்கியம். ஒருவர் செல்போனில் படம் பிடிக்கட்டும். தேதி, நேரம், எத்தனை நிமிடம், எந்தக் கை இழுத்தது, முந்தைய இரவுத் தூக்கம், தவறிய மாத்திரை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புவதும், காரணமில்லாத திடீர் பயமும்கூடக் கணக்கில் வரும்.

வலிப்பு வந்ததும் மணி பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், முடிந்தால் தையல் இல்லாத பக்கமாக. தலைக்கடியில் மடித்த துண்டு போதும். சாவிக்கொத்தோ இரும்போ கையில் திணிப்பதால் வலிப்பு நிற்காது. பல்லுக்கிடையில் கரண்டி வைத்தால் பல் உடையும். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ 108. வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்கு ஸ்பிரே எழுதிக் கொடுத்திருந்தால், எத்தனை அழுத்து என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு டப்பாவில் எழுதி ஒட்டிவிடுங்கள். கூடிக்கொண்டே போகும் தலைவலி, ஓயாத வாந்தி, எழுப்ப முடியாத மயக்கம், கழுத்து விறைப்பு, தையலிலோ மூக்கிலோ நீர் கசிவது, காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் வலிப்பே வராவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மதுரைப் பக்கத்திலிருந்து பலர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள். திரும்பும்போது இரவு ரயில் என்றால் கீழ் பெர்த்தான். மாத்திரையைப் பெட்டியில் வைக்க வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும்.

வலிப்பு நின்றதுமே மாத்திரையை விட்டுவிடுவதுதான் அதிகம் கெடுக்கிறது. பொதுவாக ஓரிரு வருடம் தொடர வேண்டியிருக்கும். குறைப்பதை மருத்துவரே படிப்படியாகச் செய்வார். இரண்டு வேளை மருந்து என்றால் காலை 8, இரவு 8 என்று அலாரம் வையுங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக இரட்டிப்பாகப் போடாதீர்கள். மெடிக்கலில் “அதே மருந்துதான், கம்பெனி வேறு” என்று மாற்றித் தந்தால் வாங்குவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். சளி, வலி, பல் என்று வேறு டாக்டரிடம் போனால் சீட்டைக் காட்டுங்கள். ட்ரமடால் என்ற வலி மாத்திரையும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் வலிப்பைத் தூண்டக்கூடும். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

குளியலறைக்குத் தாழ்ப்பாள் வேண்டாம், உட்கார்ந்து குளிக்கட்டும். கண்மாய், கிணறு, தனியாக அடுப்படி, பைக் எதுவும் கூடாது. வெக்கைக்காக மொட்டை மாடியில் படுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் இரவில் விழித்திருப்பது இந்த வருடம் வேண்டாம். தூக்கம் கெடுவதைப்போல் வலிப்பைத் தூண்டும் விஷயங்கள் குறைவு. முடியிறக்கும் நேர்த்திக்கடன் இருந்தாலும் அறுவை மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தலையில் கத்தி படக்கூடாது. எண்ணெய்க் குளியலும் அப்படியே.

காதுக்கு முன்னால் நெற்றிப்பொட்டுப் பக்கம் அறுத்தவர்களுக்குச் சில வாரம் வாய் முழுதாகத் திறக்காது, மென்றால் வலிக்கும். குழைந்த சோறும் இட்லியும் கொடுங்கள்.

முதல் சில மாதங்களில் காரணமில்லாத அழுகை, எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை வரலாம். லெவிட்டிராசிட்டம் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்குக் கோபம் கூடுவதும் உண்டு. திமிர் என்று திட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றினால் சரியாகலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் தனியே விடாமல் கூடவே இருந்து, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-லும் பேசலாம்.