ஒரு வயலுக்கு நீர் விடுங்கள்: ரோக்லைக் கேம்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுபோகத்துக்கு முன் இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் கூட்டம் வைப்பார்கள். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்ற பேச்சே எழும். இருக்கிற நீரை எல்லா வயலுக்கும் பங்கிட்டால் கதிர் தள்ளும் நேரத்தில் ஒரு வயலும் தேறாது. ரோக்லைக் கேம்களில் திரும்பத் திரும்பத் தோற்பவர்கள் செய்வதும் இந்தப் பிழைதான். விரல் வேகம் போதாமல் சாவது குறைவு. கிடைத்ததையெல்லாம் நாலு பக்கமும் சிந்திவிட்டுச் சாவதே அதிகம்.

ரோக்லைக் என்றால் செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் வழி புதிதாக இருக்கும். 1980 இல் வந்த ‘ரோக்’ என்ற கேம் தந்த அச்சு இது. சுத்தமான ரோக்லைக் எது, ரோக்லைட் (செத்த பிறகும் கொஞ்சம் மிச்சம் வைக்கும் வகை) எது என்ற சண்டையை இங்கே இழுக்கவில்லை. அதில் வென்றவர் யாரும் இல்லை.

முதல் பிழை கேமுக்குள் போகும் முன்பே நடந்துவிடுகிறது. எல்லோரும் புகழ்கிறார்கள் என்று ‘ஹேடீஸ்’ஐ இறக்கத் தொடங்கினால் 15 ஜிபி இடம் வேண்டும், மாத டேட்டா அதோடு சரி. ‘ஸ்லே த ஸ்பயர்’ 1 ஜிபியில் முடியும், கிராபிக்ஸ் காட் இல்லாத பழைய லப்டொப்பிலும் ஓடும். ‘பலாட்ரோ’வை போனிலேயே ஆடலாம். ‘ஷட்டர்ட் பிக்சல் டன்ஜன்’ அண்ட்ரொயிட்டில் இலவசம், விளம்பரம் இல்லை, சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியதை இணைய லைன் இருக்கும்போதே ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, பிறகு ஆஃப்லைன் முறைக்கு மாற்றுங்கள். லைன் போன பிறகு மாற்றப் பார்த்தால் அது உள்ளே விடாமலும் போகலாம்.

ஷட்டர்ட் பிக்சல் டன்ஜன்

2014 இல் வந்தது, இன்றும் புதுப்பிக்கப்படுகிறது. காசு கொடுக்காமல் இந்த வகையைப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. மொத்தம் 26 தளங்கள். 5, 10, 15, 20, 25 ஆம் தளங்களில் பொஸ், அதாவது பெரிய எதிரி.

ஒவ்வொரு 5 தளத்துக்கும் 3 அப்கிரேட் சுருள்களும் (ஒன்று ஒரு பொருளை +1 உயர்த்தும்) 2 பலப் போஷன்களும் (குடித்தால் பலம் 1 ஏறும்) எப்படியும் கிடைக்கும். கேம் உங்களுக்கு அளந்து விடும் நீர் இவ்வளவுதான். புதியவர் ஒரு சுருளை வாளிலும், ஒன்றைக் கவசத்திலும், இன்னொன்றைக் கண்ணில் பட்ட மோதிரத்திலும் போடுவார். 10 ஆம் தளத்தில் அவரிடம் எல்லாமே +2. எதிரில் வருவதை அவரால் வெட்டவும் முடியாது, தாங்கவும் முடியாது. கிடைத்த 6 சுருளும் ஒரே பொருளில் இருந்தால் நிலைமை வேறு. மந்திரவாதி என்றால் கோல், வேட்டைக்காரி என்றால் வில், போர்வீரன் என்றால் கவசம் என்று தொடங்குங்கள். முதல் சில தளங்களில் அகப்பட்ட சாதாரண வாளுக்குச் சுருளைச் செலவழிக்காதீர்கள். பையில் வைத்திருந்தால் அது கெட்டுப்போகாது.

4 ஆம் தளத்தில் தகட்டுக் கவசம் கிடைத்தால் உடனே மாட்டிக்கொள்வது அடுத்த பிழை. அதற்கு 18 பலம் வேண்டும். தொடங்கும்போது உங்களிடம் இருப்பது 10. குறைகிற ஒவ்வொரு புள்ளிக்கும் நடை மெதுவாகும், அடியிலிருந்து விலகுவதும் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 தளத்தில் 8 பலப் போஷன், அப்போதுதான் 18 வரும். அதுவரை தோல் கவசம் போதும், அதற்கு 12.

பெயர் தெரியாத போஷனைச் சாகப்போகும் நேரத்தில் ‘குணமாக்குவதாக இருக்கும்’ என்று குடிப்பவர் பலர். அது தீயாகவோ நச்சுப் புகையாகவோ இருந்துவிட்டால் அத்தோடு முடிந்தது. உயிர் முழுதாக இருக்கும்போது, பக்கத்தில் எதிரி இல்லாதபோது, தண்ணீருக்கு அருகில் நின்று குடியுங்கள். தீ பிடித்தால் தண்ணீருக்குள் கால் வைத்தாலே அணைந்துவிடும். புகை என்றால் வெளியே ஓட வழி இருக்க வேண்டும். புல்லின் மேல் மட்டும் நிற்க வேண்டாம். வைகாசி வெயிலில் காய்ந்த பற்றை மாதிரிப் பற்றிக்கொள்ளும்.

சண்டையை நடு அறையில் போடுவதும் பிழை. கதவின் நேருக்கு நிற்காமல், உட்புறமாக ஒரு கட்டம் பக்கத்தில் ஒதுங்கி நில்லுங்கள். எதிரி கதவுக் கட்டத்தில் கால் வைக்கும்வரை உங்களைக் காண மாட்டான். அந்த நேரத்தில் போடும் அடி தவறாது. 5 ஆம் தளத்துப் பொஸ் ‘கூ’வுக்கு 100 உயிர். அது தண்ணீரில் நின்றால் உயிர் திரும்ப ஏறும், அதனால் உலர்ந்த தரைக்கு இழுத்துவாருங்கள். உடம்பை ஊதத் தொடங்கினால் இன்னொரு வெட்டுக்கு ஆசைப்படாமல் பின்வாங்குங்கள். அந்த ஒரு வெட்டு ஆசைதான் பலரை அந்தத் தளத்திலேயே புதைக்கிறது.

ஸ்லே த ஸ்பயர்

காட் போட்டுச் சண்டை பிடிக்கும் கேம் இது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் 3 காட் காட்டும், ஒன்றை எடுக்கலாம். எடுக்காமலும் விடலாம். விடுவதற்கான பொத்தானைப் புதியவர்கள் தொடுவதே இல்லை. அயர்ன்கிளாட் என்ற வீரர் 10 காட்டோடு தொடங்குகிறார், தன் ஆட்ட முறை ஒன்றுக்கு 5 இழுக்கிறார். அதாவது நல்ல காட் ஒவ்வொன்றும் 2 முறைக்கு ஒருதடவை கைக்கு வரும். காட்டியதையெல்லாம் எடுத்து 30 ஆக்கினால் அதே காட் 6 முறைக்கு ஒருதடவைதான் வரும். பெரும்பாலான சண்டைகள் அதற்குள் முடிந்துவிடும். கடையில் 75 தங்கம் கொடுத்து ஒரு காட்டைக் கழிக்கலாம். அடுத்தடுத்த தடவை 25 கூடும். புதுக் காட் வாங்குவதைவிட தொடக்கத்திலேயே இருக்கும் ‘ஸ்ட்ரைக்’ என்ற சாதாரண அடிக் காட் ஒன்றைக் கழிப்பது பல நேரம் லாபம்.

ஆனால் இதையே வேதமாக்கி முதல் பகுதியில் ஒன்றுமே எடுக்காமல் போவதும் கூடாது. தொடக்கத்தில் வரும் எலைட்களை (வழக்கத்தைவிட வலுவான எதிரிகளை) வெல்ல நல்ல தாக்குதல் காட் இரண்டு மூன்று வேண்டும். அவர்களில் ஒருவனான கிரெம்லின் நொப் முதல் முறையில் கத்துவதோடு நிற்பான். அதன் பிறகு நீங்கள் ஒரு ஸ்கில் காட் (தாக்குதல் அல்லாத ஒரு வகை) போட்டால் அவன் பலம் 2 கூடும். தடுப்புக் காட்டான ‘டிஃபென்ட்’டும் ஸ்கில்தான். தடுக்கத் தடுக்க அவன் அடி வலுக்கும், நீங்கள் பயந்து இன்னும் தடுப்பீர்கள். ஸ்கில் எல்லாவற்றையும் அந்த முதல் முறையிலேயே போட்டு முடித்துவிட்டு, மிச்ச நேரம் அடியுங்கள்.

ஓய்விடத்தில் படுத்தால் முழு உயிரின் 30 வீதம் ஏறும். அயர்ன்கிளாட்டின் 80 இல் அது 24. ஒவ்வொரு ஓய்விடத்திலும் படுப்பவர் காட் ஒன்றையும் மேம்படுத்தாமல் பொஸ்ஸிடம் போய்ச் சேருவார். அடுத்த சண்டையைத் தாங்குவீர்கள் என்றால் படுக்காமல் காட்டை மேம்படுத்துங்கள்.

நடுவில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். திரும்பத் திறக்கும்போது அந்தச் சண்டை முதலிலிருந்து தொடங்கும், அதற்கு முன் கடந்தவை அப்படியே இருக்கும். ‘ஸ்பெலங்கி 2’ அப்படியல்ல, ஓட்டத்தை இடையில் சேமிக்க அதில் வழியே இல்லை. பற்றரி செத்த லப்டொப்பில் அதைத் தொடங்குவது வீண் மனக்கஷ்டம்.

டெட் செல்ஸ், ஹேடீஸ்

டெட் செல்ஸில் வலுவூட்டும் சுருள்கள் சிவப்பு, ஊதா, பச்சை. ஆயுதத்தின் வலு அதன் நிறத்தோடுதான் ஏறும். மூன்றையும் சமமாக ஏற்றினால் கையிலிருக்கும் ஆயுதத்துக்குப் போய்ச் சேருவது மூன்றில் ஒரு பங்குதான். சாபப் பெட்டியைத் திறந்தால் 10 பேரைக் கொல்லும்வரை ஒரு அடி பட்டாலும் சாவு. தளத்தின் கடைசியில், கொல்ல ஆள் இல்லாதபோது திறக்காதீர்கள்.

ஹேடீஸில் ஒவ்வொரு கடவுளிடமும் ஒவ்வொரு வரம் வாங்கிச் சேர்ப்பது அதே சிந்தல். எந்தக் கடவுளின் நினைவுப்பொருளோடு புறப்படுகிறீர்களோ, அடுத்த வரம் அவரிடமிருந்தே வரும். அடிப்படைத் தாக்குதலுக்கு யாருடைய வரம் என்று புறப்படும்போதே முடிவெடுங்கள். ‘கோட் மோட்’ (God Mode) என்ற இலகு முறையை வெட்கக்கேடு என்று ஒதுக்கவும் வேண்டாம். முதலில் 20 வீதம் அடியைக் குறைக்கும், ஒவ்வொரு சாவுக்கும் 2 வீதம் கூட்டும். கதை ஒரு வரியும் குறையாது.

பலாட்ரோ

2024 இல் தனி ஒருவர் உருவாக்கி வெளிவந்த, போக்கர் சேர்க்கைகளால் புள்ளி எடுக்கும் கேம். நம்மூரில் இதில் தடுமாறுபவர்கள் கடதாசி தெரியாதவர்கள் அல்ல, 304 நன்றாகத் தெரிந்தவர்கள். 304 இல் ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. கை அந்தக் கணக்கிலேயே ஊறிப்போய், ஜாக்கையும் ஒன்பதையும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கும். இங்கே ஜாக், குயின், கிங் மூன்றும் 10 தான், ஒன்பது வெறும் 9. துரும்பும் இல்லை, எதிரே கூட்டாளியும் இல்லை.

பெரிய கடதாசியைவிட சேர்க்கைதான் இங்கே பெறுமதி. இரண்டு ஏஸ் கொண்ட சோடி: சோடிக்கான 10 உடன் கடதாசிகளின் 22 சேர்த்து 32 சிப்ஸ், அதைப் பெருக்கும் எண்ணான மல்ட் 2, மொத்தம் 64. ஒரே இனத்தில் 2, 4, 5, 7, 9 என்ற ஐந்து சின்னக் கடதாசிகள்: 35 உடன் 27 சேர்த்து 62, மல்ட் 4, மொத்தம் 248. முதல் சுற்றுக்குத் தேவை 300. சோடி போடும்போது தேவையில்லாத மூன்று கடதாசிகளையும் கூடவே தள்ளிவிடலாம். புள்ளி வராது, ஆனால் டிஸ்கார்ட் (கடதாசி கழிக்கும் வாய்ப்பு) ஒன்றும் செலவாகாமல் புதுசு கைக்கு வரும்.

ஜோக்கர்கள் இங்கே கடையில் வாங்கும் துணைக் கடதாசிகள், இடமிருந்து வலமாகக் கணக்கில் சேரும். மல்ட்டில் 4 கூட்டும் சாதாரண ஜோக்கரும், சோடிக்கு மல்ட்டை இரட்டிக்கும் ‘த டுவோ’வும் இருக்கிறதென்று வையுங்கள். கூட்டுவது இடப்பக்கம் என்றால் 2 உம் 4 உம் 6, இரட்டித்தால் 12. அதே ஏஸ் சோடிக்கு 384. மாற்றி வைத்தால் 8 தான் வரும், 256. அதே கை, அதே ஜோக்கர்கள். ஒன்று 300 ஐத் தாண்டுகிறது, மற்றது நிற்கிறது.

காசில் மட்டும் இங்கே கணக்குக் கொஞ்சம் வேறு. கையில் நிற்கும் ஒவ்வொரு 5 டொலருக்கும் 1 டொலர் வட்டி, 25 டொலர் இருந்தால் உச்சமான 5. அதனால் சுற்றுகளுக்கு இடையில் வரும் கடையின் சரக்கை 5 டொலர் கொடுத்துப் புரட்டும் பழக்கம் இரண்டு பக்கமும் தின்னும். ஆனாலும் முதல் கடையிலேயே உதவும் ஜோக்கர் கண்டால் வட்டியைப் பார்க்காமல் வாங்குங்கள். சேமிப்பு அதற்குப் பிறகு. மூன்று சுற்று சேர்ந்தது ஒரு ‘ஆண்டி’ (ante). எட்டாவது ஆண்டியின் முதல் சுற்று 50,000 கேட்கும். கூட்டுவன மட்டும் வைத்திருந்தால் அங்கே எட்டாது, பெருக்குவன ஒன்றிரண்டு வேண்டும்.

ஒவ்வொரு ஆண்டியின் பொஸ், அதாவது மூன்றாவது சுற்றின் தடை, எதுவென்று முதல் சுற்றைத் தொடங்கும்போதே திரையில் தெரியும். ‘த நீடில்’ என்றால் ஒரே ஒரு கைதான் போட விடும். அதை மூன்றாவது சுற்றில் போய் வாசித்துத் தலையில் கை வைப்பதை விட்டு, இடையில் வரும் இரண்டு கடைகளிலும் ஒரே அடியில் தாண்டக்கூடிய கைக்குத் தேவையானதைத் தேடுங்கள்.