ஆயித்தியமலைக்கு வந்தால் இரவில் தங்குங்கள்

சதா சகாய அன்னையின் திருநாள் பொது நாட்காட்டியில் ஜூன் 27. அதை நம்பி ஜூனில் வந்து இறங்கிய சித்தப்பா ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். போய்ப் பார்த்தால் மட்டக்களப்பு ஆயித்தியமலையில் அந்த அன்னையின் கோயில் இருந்தது, சனம் இல்லை. அங்கே திருவிழா செப்டெம்பர் முதல் ஞாயிறு: 2026இல் 6ஆம் திகதி, 2027இல் 5ஆம் திகதி.

அந்த வாரம்தான் கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூடம் தொடங்கும். என்ன செய்வது? பிள்ளைகளுக்கு முன்கூட்டியே லீவு கேட்டு வையுங்கள். ஞாயிறு பூசை முடிந்து அன்றிரவே கட்டுநாயக்காவில் விமானம் ஏறலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். மட்டக்களப்பிலிருந்து வான் வண்டியில் ஆறேழு மணிநேர ஓட்டம். வரும்போது அவசரமில்லை என்றால் கொழும்பு கோட்டையிலிருந்து உதயதேவி ரயிலில் வாருங்கள்.

நகரில் ஹோட்டல் அறை எடுத்து, ஞாயிறு காலை காரில் போய்த் திரும்பலாம்தான். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எங்களுக்குத் திருவிழா என்பது சனி இரவு. ஆகவே சொந்தக்காரர் கூடாரம் போடப் போகிறார்கள் என்றால் அவர்களோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை. வவுணதீவு தாண்டி உன்னிச்சைப் பக்கமாகப் போகும் வழி. நகரிலிருந்து இருபது கிலோமீற்றருக்கு மேல் வரும் அந்தத் தூரத்தைப் பாதயாத்திரையாக நடக்கிறவர்கள் ஏராளம். நேர்த்திக்கடன் இருந்தால் நடங்கள். நேற்றுத்தான் விமானத்தால் இறங்கியவர் பாதி வழியில் சேர்ந்துகொண்டாலும் அன்னை கோபிக்க மாட்டாள். வாகனத்தில் போகிறவர்கள் பொழுது படுமுன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இருட்டினால் யானை வீதிக்கு வரும். இது வெளிநாட்டுக்காரரைப் பயமுறுத்தச் சொல்லும் கதையல்ல.

எங்கள் வீட்டில் கூடாரம் போட மரத்தடி பிடிப்பது பெரியம்மாவின் வேலை. தண்ணீர்க் குழாய்க்குக் கிட்ட இடம் பிடித்தால் வசதி என்று நினைப்பீர்கள். இரவு முழுக்க வாளிச் சத்தம், காலடியெல்லாம் சேறு. கொஞ்சம் தள்ளியே போடுங்கள். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் தறப்பாளை அந்தப் பக்கம் தாழ்த்திக் கட்டுவோம். அடுப்பு கிழக்கே, காய்ந்த புல்லைச் செதுக்கிய இடத்தில். இல்லாவிட்டால் புகையோடு பொறியும் உள்ளே வரும்.

ரொறன்ரோவிலிருந்து மச்சான் ஒருமுறை விலைகூடிய நைலோன் கூடாரம் கொண்டுவந்தான். மத்தியானம் உள்ளே போனவன் பிட்டுக் குழலுக்குள் அவிந்தவன் மாதிரி வெளியே வந்தான். "என்ன புள்ள, இதுக்குள்ள மனிசன் படுப்பானா?" என்று கேட்ட பெரியம்மா அரிசி மூட்டையையும் தேங்காயையும் அதற்குள் வைத்தார். நல்ல களஞ்சியமாக இருந்தது. நீங்கள் கொண்டுவர வேண்டியது பருத்தி உடுப்பு, சாரம், தலைமாட்டு டோர்ச், பவர்பாங்க், வழமையாகப் போடும் மருந்து. நுளம்புத்திரியும் பாயும் மட்டக்களப்பு கடைகளில் வாங்கலாம். சில்லறைக் காசையும் நகரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். மெழுகுதிரிக்கும் கச்சான் கடலைக்கும் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரர் பாவம்.

குடிக்கப் போத்தல் தண்ணீர்தான். கழிப்பறை வரிசை நீளும், விடியுமுன் நாலு மணிக்கு எழும்புகிறவர் தப்பினார். உன்னிச்சைக் குளத்தைக் கண்டதும் பிள்ளைகளுக்குக் குதிக்கத் தோன்றும். இந்தப் பக்கக் குளங்களில் முதலை உண்டு, ஊரார் குளிக்கும் துறையில் ஊராரோடு மட்டும் இறங்குங்கள்.

கோயிலுக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. மற்றவர்கள் செருப்பைக் கழற்றும் இடத்தில் நீங்களும் கழற்றுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பிலும் ஒரு தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அதனால் பைகளைச் சோதித்தால் முகம் சுளிக்காதீர்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றுக்கும் நானே காசு தருகிறேன் என்று நிற்க வேண்டாம், உள்ளூர் மாமாவுக்கு அது குத்தும். சாமான் வாங்கப் போகும்போது கூடப் போய், மீனுக்கோ மரக்கறிக்கோ உங்கள் பங்கைக் கொடுங்கள். அப்புறம் தேங்காய் துருவ உட்காருங்கள். கதையெல்லாம் அங்கேதான் நடக்கும்: யார் கலியாணம், யார் காணி, யார் யாரோடு பேசுவதில்லை. சனி இரவு ஆராதனை முடிந்து சனம் பாயில் சரியும்போது, பக்கத்துக் கூடாரத்தில் யாரோ செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அரைத்தூக்கத்தில் நம் வாயும் சேர்ந்து முணுமுணுக்கும். சைவக்கார அயலவர்களும் எங்களோடு வருவதுண்டு, அவர்களுக்கும் அது மனப்பாடம்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எல்லோரும் ஒரேயடியாகக் கிளம்புவார்கள், வீதி நெருக்கும். நாங்கள் மிச்சச் சோற்றைத் தயிரோடு பிசைந்து சாப்பிட்டு, பின்னேரம்தான் தறப்பாளை அவிழ்ப்போம். குப்பையைப் பையில் கட்டி ஏற்றுங்கள், அடுப்புக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மூன்று அடுப்புக் கல்லை மட்டும் தொடாதீர்கள். பெரியம்மா அவற்றை மரத்தடியில் குவித்து வைத்துவிட்டுத்தான் வான் வண்டியில் ஏறுவார். வருகிற வருடம் எங்கள் மரத்தைத் தேடுவது அதை வைத்துத்தான்.