ஸ்பீக்கர் பெட்டி எத்தனை ஓம்? வால்வு கிதார் ஆம்பின் குமிழை எதில் வைப்பது?

ஸ்டிக்கர் கிழிந்த பழைய பெட்டி ஒன்று கைக்கு வந்தது. உள்ளே நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள். ஆம்பின் பின்னால் 4, 8, 16 ஓம் என்று திருப்பும் ஒரு குமிழ். பெட்டியின் ஓமுக்குப் பொருந்தும்படி அதை வைக்க வேண்டும். எதில் வைப்பது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

ஆம்பை அணைத்து மின்பிளக்கைப் பிடுங்குங்கள். அதைத் திறக்க வேண்டியதே இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.

ஸ்பீக்கர் கேபிளின் ஒரு முனை பெட்டியிலேயே இருக்கட்டும். மறுமுனையை ஆம்பிலிருந்து உருவிவிடுங்கள். நான் கோட்டைவிட்டது இங்கேதான். கேபிளை உருவாமல், பெட்டியில் காலியாக இருந்த இன்னொரு ஜாக்கில் அளந்தேன். அரை ஓம்கூட வரவில்லை. ஸ்பீக்கர் ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைத்து நான்கையும் கழற்றினேன். நான்கும் நன்றாகவே இருந்தன! ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஸ்பீக்கர் பக்கச் சுற்று தடித்த கம்பி. அதன் டிசி தடை (நேர்மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) மிகக் குறைவு. கேபிள் செருகியிருந்தால் மீட்டர் காட்டுவது அதைத்தான்.

சரி, மல்டிமீட்டரை 200 ஓமில் வையுங்கள். இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதைக் கழிக்க வேண்டும். ஒரு கம்பி பிளக்கின் நுனியில், மற்றது அதன் உடலில். விலை உயர்ந்த மீட்டர் தேவையில்லை, ஆனால் முதலை கிளிப் வாங்குங்கள். கையால் பிடித்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும்.

மீட்டர் காட்டுவது டிசி தடை. இம்பீடன்ஸ், அதாவது ஆம்பின் ஏசி சிக்னலுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு, அதைவிடக் கூடுதல். பெட்டி இத்தனை ஓம் என்று சொல்வது இதைத்தான். 3 அல்லது 3.5 வந்தால் பெட்டி 4 ஓம். 6 முதல் 7 வரை என்றால் 8. 12, 13 என்றால் 16. எனக்கு 13.1 வந்தது, குமிழை 16-இல் வைத்தேன். மார்ஷல் 1960ஏ போன்ற பெட்டியில் மோனோவுக்கு 4, 16 என இரண்டு ஜாக் உண்டு. ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 8. எந்த ஜாக்கில் செருகப் போகிறீர்களோ அதிலேயே அளக்க வேண்டும்.

குமிழே இல்லாத ஆம்பும் உண்டு. ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் 8 ஓம், ட்வின் ரிவெர்ப் 4, சூப்பர் ரிவெர்ப் 2. எல்லாம் 8 ஓம் ஸ்பீக்கர்கள்தான். ஒன்று, இரண்டு, நான்கு என்று இணையாக மாட்டியிருக்கிறார்கள்.

அளந்து முடித்ததும் கேபிளைத் திரும்பச் செருக மறக்காதீர்கள். பெட்டி இல்லாமல் வாசித்தால் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட்டேஜ் எகிறி இன்சுலேஷன் பொத்துக்கொள்ளலாம். கிதார் கேபிளும் இங்கே வேண்டாம், அதன் கம்பி மெலிசு.

பின்சேர்க்கை: இரண்டு பெட்டி மாட்டினால் என்ன என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். ஆம்பின் இரண்டு ஜாக்கும் பெரும்பாலும் இணைதான். 16-உம் 16-உம் சேர்ந்தால் 8. ஆனால் 8-உம் 16-உம் சேர்த்தால் 5.3 ஓம். குமிழை 4-இல் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் பவரில் மூன்றில் இரண்டு பங்கை 8 ஓம் பெட்டியே எடுத்துக்கொள்ளும். நானாக இருந்தால் ஒரு பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுவேன்.