புதுத் தோழியை அம்மாவுக்கு அறிமுகப்படுத்துவது எப்படி?

'டாக்டர் ஹூ' 1963இல் தொடங்கிய பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர். அதற்காக முதல் அத்தியாயத்திலிருந்து காட்டாதீர்கள். பினாங்கில் எங்கள் வீட்டில் அம்மா பத்தாவது நிமிடமே பருப்பு தாளிக்க எழுந்துவிட்டார். காலத்தில் பயணிக்கும் டாக்டருக்குப் புதுத் தோழி வரும் அத்தியாயமே நல்ல வாசல். 2005இல் ரோஸ் வந்த கதையைப் போடுங்கள்: அலாரம் அடிக்கிறது, கடை வேலைக்கு ஓடுகிறாள், நிலவறையில் பொம்மைகள் அசைகின்றன. அவளுக்கும் ஒன்றும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. டார்டிஸ் என்ற டாக்டரின் காலப்பயணப் பெட்டி பற்றி முன்கூட்டியே வாய் திறக்காதீர்கள். (எனக்கு அதுதான் பெரும்பாடு.) அந்த நீலப் பெட்டிக்குள் ரோஸ் நுழைந்ததும், லெபு பசாரில் வாங்கிய முறுக்கு அம்மாவின் கையிலேயே நின்றது. "உள்ளே இவ்வளவு இடமா?"

ரோஸ் விடைபெற்ற இரவே, அவளுக்குப் பின் வரும் தோழி மார்த்தாவைக் கொண்டுவராதீர்கள். நான் அவசரப்பட்டேன்; இரண்டு வாரம் அவள் எங்கள் வீட்டில் 'அந்த மருத்துவம் படிக்கும் பெண்'தான்.