கூட்டமில்லாத எல்க் வேட்டைக்கு முதலில் வரைபடம்

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எல்க் மான் வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் துப்பாக்கியைத் துடைப்பதற்கு முன் வரைபடத்தை விரியுங்கள். சாலை, ஜீப் தடம், வண்டி நிறுத்துமிடம் எல்லாவற்றையும் குறித்து, ஒவ்வொன்றையும் சுற்றி 3 கிலோமீட்டருக்கு வட்டம் போடுங்கள். மற்ற வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் அந்த வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுவார்கள். வெளியே மிஞ்சுகிற துண்டுகளில் தண்ணீர், புல்வெளி, அடர்ந்த மரநிழல் மூன்றும் அருகருகே இருக்கிற வடக்குச் சரிவைத் தேடுங்கள். சில சமயம் சாலையை ஒட்டியே, ஏற்றம் செங்குத்து என்பதால் யாரும் தொடாத பள்ளம் ஒன்று கிடைக்கும். எனக்கு அதுதான் பிடித்தம்.

சரி, இடம் பிடித்தாயிற்று. ஆனால் இறைச்சிக் கணக்குப் போடாமல் அதை உறுதி செய்யாதீர்கள். நன்கு வளர்ந்த ஆண் எல்க் சுமார் 300 கிலோ இருக்கும். எலும்பை நீக்கினாலும் 80, 100 கிலோ தேறும். தனியாளுக்கு 4 நடை. இடம் 5 கிலோமீட்டர் உள்ளே என்றால், சுமையோடு 4 முறை வெளியே, வெறும் பையோடு 3 முறை உள்ளே, ஆக 35 கிலோமீட்டர்! சூடு இறைச்சியைச் சீக்கிரம் கெடுத்துவிடும். உடனே தோலை உரித்து, காற்றுப் புகும் துணிப்பையில் போட்டு, கரடிக்கு எட்டாத நிழலான கிளையில் தொங்கவிடுங்கள்.

அப்புறம், எந்தப் பள்ளத்தில் இருப்பீர்கள், என்றைக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். உள்ளே போனால் பெரும்பாலும் செல்போன் எடுக்காது.