பழைய சிமென்ட் தரையும் போர்ட்டிகோ தளமும்: சரிசெய்யப் போய்க் கெடுக்கும் தவறுகள்

1970, 80-களில் கட்டிய வீடுகளில் கூடத்தில் காவித் தரை இருக்கும். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை ஜல்லி போட்ட சிமென்ட் தளம் இருக்கும். நாற்பது வருடம் கழித்துப் பார்த்தாலும் பல வீடுகளில் இவை இடித்துப் போடும் நிலைக்கு வந்திருப்பதில்லை. அங்கங்கே பொரிந்திருக்கும். டயர் ஏறி இறங்கும் இடத்தில் விரிசல் ஓடியிருக்கும். மழைக்காலத்தில் பாசி பிடிக்கும், சுவரோரம் உப்புப் பூக்கும். அவ்வளவுதான். இந்தத் தளத்தின்மேல் ஆசிட் ஊற்றிக் கழுவி, ஒரு அங்குலம் கலவை பூசி, பெயின்ட்டும் அடித்துவிட்டால், இரண்டு மூன்று மழைக்குள் தகடு தகடாகப் பெயர ஆரம்பித்துவிடும். அப்போதுதான் உண்மையிலேயே இடிக்க வேண்டி வரும்.

சிமென்ட் தளம் கருங்கல் மாதிரி இறுகிப்போன பொருள் அல்ல. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஓடுகின்றன. மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி, இந்த ஈரத்தைக் கணக்கில் எடுக்காததால் வருபவை.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாராமல் தொடங்குவது

கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைக்குப் பெரிய செலவு ஆகாது. கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடியாக வெட்டித் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். நேரடி வெயில் படாத இடமாக இருக்கட்டும். 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுப் பிரித்துப் பாருங்கள். ஷீட்டின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ, ஈரம் கீழிருந்து ஏறுகிறது. ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாமல் சுவரோரம், நடுக்கூடம், குளியலறைப் பக்கம் என்று மூன்று இடமாவது பாருங்கள். குளியலறைப் பக்கம் மட்டும் ஈரம் என்றால் குழாய்க் கசிவைத் தேட வேண்டும். வெளிச்சுவர் ஓரம் மட்டும் என்றால் மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே கொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஈரம் என்றால் தரைக்கடியில் ஈரத்தடுப்பு எதுவும் இல்லை என்று பொருள். பழைய வீடுகளில் இது சாதாரணம். அங்கே ஈரத்தை அடைக்கப் பார்க்காமல், மூச்சுவிட வழி வைக்கும் பூச்சையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் இதே வகைத் தவறுதான். உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய், காய்ந்ததும் மறுபடி வெளியே வரும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். ஈரம் நின்றால்தான் உப்பும் நிற்கும்.

ஆசிட் ஊற்றிக் கழுவுவது

தரை கறுத்துவிட்டால் உடனே கைக்கு வருவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான். நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைக்கிறோம். பொங்குவது சிமென்ட். ஜல்லியையும் மணலையும் பிடித்து வைத்திருக்கும் சுண்ணாம்புச் சேர்மங்களை ஆசிட் கரைக்கிறது. மேல்தோல் போனதும் தளம் சொரசொரப்பாகி முன்னைவிட வேகமாக அழுக்கு பிடிக்கும். காவித் தரையில் ஊற்றினால் பளபளப்பும் போகும், நிறமும் வெளிறும். ஆத்தங்குடிக் கல்லுக்கும் இதே கதிதான், அதுவும் சிமென்ட்டே. உள்ளே கம்பி இருக்கும் தளமாக இருந்தால் இன்னொரு கேடும் உண்டு. ஆசிட் விட்டுச் செல்லும் குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

சாதாரண அழுக்குக்குப் பாத்திரம் தேய்க்கும் திரவத்தை வெந்நீரில் கலந்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்தாலே போதும். என்ஜின் ஆயில் கறைக்குப் பொறுமை வேண்டும். புதிய ஆயிலின்மேல் மரத்தூளையோ காய்ந்த சிமென்ட்டையோ கொட்டி உறிஞ்ச விட்டுக் கூட்டுங்கள். பழைய கறைக்கு, சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்புக்கல் தூளோடு களிபோலப் பிசைந்து, கறைமேல் அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு மூடியை எடுத்துக் காயவிட்டுச் சுரண்டுங்கள். ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் சரியான மருந்து. ஆனால் பிளீச்சிங் போட்ட தளத்தில் ஆசிட் ஒரு துளியும் படக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கார் ஷெட்டில் அது உயிருக்கே ஆபத்து.

பிரஷர் வாஷரில் ஊசிபோலப் பாயும் முனையைப் போடாதீர்கள். விசிறிபோல விரியும் முனையைப் போட்டு, தளத்திலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள்.

பொள்ளலைத் தட்டிப் பார்க்காமல் மேலே பூசுவது

பெரும்பாலான ஒட்டுவேலை தோற்பது இங்கேதான். பொரிந்த பள்ளத்தில் மட்டும் கலவை நிரப்பினால் பள்ளத்தைச் சுற்றி ஏற்கெனவே விட்டுப்போயிருக்கும் பகுதி அப்படியே கிடக்கும். ஒரு சுத்தியலின் மரப்பிடியால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கெட்டியாக ஒலிக்கும், விட்டுப்போன இடம் பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளலின் எல்லையைச் சாக்பீஸால் வரைந்து, அதற்கு இரண்டு அங்குலம் வெளியே சதுரமாகக் கோடு போடுங்கள். கட்டிங் மெஷினால் அந்தக் கோட்டில் அரை அங்குல ஆழத்துக்கு நேர்செங்குத்தாக வெட்டிவிட்டு உள்ளே கொத்தி எடுங்கள். ஓரம் மெல்லிதாகச் சரிந்து முடியும் ஒட்டு ஒருநாளும் நிற்காது. கனமில்லாத ஓரம் முதலில் காய்ந்து சுருங்கி எழும்பிவிடும். வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். வெட்டுபவருக்கு என்95 மாஸ்க் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு.

கொத்திய இடத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. கழுவி, முதல்நாள் இரவே தண்ணீர் தேக்கி ஊறவிடுங்கள். காலையில் தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுங்கள். தளம் ஊறியிருக்க வேண்டும், மேலே மினுமினுக்கும் தண்ணீர் இருக்கக்கூடாது. ஊறாத பழைய தளம் புதுக் கலவையின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அடிப்பகுதி வெறும் பொடியாகிவிடும்.

அடுத்து ஒட்டுப்பூச்சு. எஸ்பிஆர் லேடெக்ஸும் (சிமென்ட்டோடு சேர்க்கும், பால்போன்ற செயற்கை ரப்பர் திரவம்) தண்ணீரும் சம அளவில் கலந்து, பெயின்ட் பதம் வரும்வரை சிமென்ட் சேர்த்து, பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேல்கலவை விழ வேண்டும். காலையில் ஒட்டுப்பூச்சு அடித்துவிட்டு டீ குடித்து வந்து பூசினால், காய்ந்த லேடெக்ஸ் ஒட்டுவதற்குப் பதிலாகப் பிரிக்கும் படலமாகிவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு சதுரம் மட்டும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையை இதற்குப் பதிலாக ஊற்றும் பழக்கம் உண்டு. அது ஈரம் பட்டால் திரும்ப இளகிவிடும்.

ஒரு அங்குலத்துக்குக் குறைவான ஆழத்துக்கு 5 கிலோ சிமென்ட், 15 கிலோ எம்-சாண்ட், 1 லிட்டர் எஸ்பிஆர். லேடெக்ஸ் சேர்த்தால் கலவை தானே இளகும், தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் குறைவாக விடுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் என்றால் சிறு சிப்ஸ் ஜல்லி சேர்த்து, சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3. பூச்சுவேலைக்கான பி-சாண்ட் தரைக்கு வேண்டாம். அது மிக நைசு, தண்ணீர் அதிகம் கேட்கும், சுருங்கி மயிரிழை விரிசல் விடும்.

மேலே தண்ணீர் கக்கினால் அதை இழுக்க வெறும் சிமென்ட்டைத் தூவித் தேய்ப்பார்கள். பார்க்கக் கண்ணாடிபோல இருக்கும். அந்த மேல்தோல் அடியிலிருக்கும் கலவையோடு சேராமல் தனித் தகடாக நின்று, பிறகு உரியும். தண்ணீர் தானாக வற்றும்வரை காத்திருந்து கரணை போடுவதுதான் வழி.

கியூரிங்கில், அதாவது போட்ட கலவையை ஈரமாக வைத்து இறுகவிடுவதில், ஒரு குழப்பம் உண்டு. சாதாரணக் கலவைக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியக் காங்கிரீட் தர விதி சொல்வது, ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், பிபிசி (போர்ட்லேண்ட் பொசலானா) போன்ற கலப்புச் சிமென்ட் என்றால் 10 நாள். நல்ல வெயில் காலத்தில் இதுவே 10, 14 நாளாகும். கடையில் இன்று கிடைப்பது பெரும்பாலும் பிபிசி, மூட்டையைப் படித்துப் பாருங்கள். லேடெக்ஸ் சேர்த்த ஒட்டுக்கு இது பொருந்தாது. ஒரு நாள் ஈரச்சாக்கு, பிறகு காற்றில் காய விட வேண்டும். அப்போதுதான் லேடெக்ஸ் படலமாக இறுகும்.

எல்லா விரிசலுக்கும் வெள்ளைச் சிமென்ட்

அசையும் விரிசல், அசையாத விரிசல் என்று இரண்டு உண்டு. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், குறுக்கே ஒரு விரற்கடை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்புங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் கடந்து பிளாஸ்டர் உடையாமல் இருந்தால் அசையாத விரிசல். அதை ‘வி’ வடிவில் கால் அங்குல அகலம், அரை அங்குல ஆழத்துக்குத் திறந்து, தூசியை உறிஞ்சி எடுத்து, எஸ்பிஆர் கலவையோ எபாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்ததும் இறுகும் பிசின்) புட்டியோ அடைக்கலாம். பிளாஸ்டர் உடைந்தால் அது அசைகிறது. அங்கே சிமென்ட் எதைப் போட்டாலும் பக்கத்திலேயே இன்னொரு கோடு விழும். ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்தி, மேலே பாலியூரிதேன் சீலன்ட் விட வேண்டும்.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கக் கரிசல் மண்ணில் இந்தப் பொறுமை இன்னும் அவசியம். மழையில் ஊதி, கோடையில் சுருங்கும் மண் அது. தளத்தோரம் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே பாதி வைத்தியம்.

வெளித்தளத்தை உயர்த்திக்கொண்டே போவது

தெரு ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்கிறது, அதனால் வாசலையும் உயர்த்துகிறோம். வேறு வழியில்லாமல் செய்வதுதான், தப்பு சொல்ல முடியாது. ஆனால் அடித்தளத்துக்கு மேல் சுவரில் ஓடும் ஈரத்தடுப்புப் பட்டையைத் தாண்டி வெளித்தளம் ஏறிவிட்டால், மண்ணின் ஈரம் அந்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டு சுவருக்குள் நுழையும். உள்ளே சுவர்ப்பூச்சு கொட்ட ஆரம்பித்ததும் யாரும் போர்ட்டிகோவைச் சந்தேகிப்பதில்லை. வெளித்தளம் அந்தப் பட்டைக்கு அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். இடமில்லை என்றால், மொத்தத் தளத்தையும் ஏற்றாமல் கேட் பக்கம் மட்டும் சாய்தளம் வைத்து, உள்ளே கம்பிமூடி போட்ட வடிகால் ஒன்றைக் குறுக்கே ஓட்டுங்கள்.

புதிதாகவே போடுவதென்றால் கார் நிற்கும் தளத்தின் கனம் 4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வாட்டம் (சரிவு) 50-க்கு 1, அதாவது ஒரு அடிக்குக் கால் அங்குலம், வீட்டைவிட்டு வெளியே. மழைநீர்ச் சேகரிப்புக் குழி இருந்தால் வாட்டம் அதை நோக்கி இருக்கட்டும், ஆயில் சொட்டும் இடத்துத் தண்ணீர் மட்டும் அதில் போக வேண்டாம். 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு, ஆழம் கனத்தில் கால் பங்கு, போட்ட மறுநாளுக்குள். சுவரையும் தூணையும் தொடும் இடத்தில் அரை அங்குலத் தெர்மாகோல் வையுங்கள். வெட்டு விடாவிட்டால் தளம் தனக்குப் பிடித்த இடத்தில் வெட்டிக்கொள்ளும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்ற அளவைத் தாண்டவிடாதீர்கள்.

எபாக்சி, பெயின்ட், சீலர்

மேலே சொன்ன பிளாஸ்டிக் சோதனையில் ஈரம் காட்டிய தளத்தில் எபாக்சி போட்டால் கொப்புளம் கொப்புளமாக எழும். வெயில் படும் இடத்தில் மஞ்சளித்து, மாவுபோல உதிரும். வெளித்தளத்துக்கு ஏற்றது சைலேன்-சிலோக்சேன் வகைச் சீலர். படலம் போடாமல் உள்ளே ஊறும், தண்ணீரைத் தள்ளும், ஆவியை வெளியே விடும். அடிப்பதற்கு முன் ஒரு ஸ்பூன் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முத்தாக நின்றால் பழைய மெழுகோ ஆயிலோ இருக்கிறது, சீலர் உள்ளே இறங்காது.

காவித் தரைக்கு இது எதுவும் தேவையில்லை. மெல்லிய மெழுகு, அதுவும் துடைத்து எடுத்தபின் கையில் ஒட்டாத அளவுக்கு. தேங்காய் எண்ணெயை அள்ளிப் பூசினால் தூசியைப் பிடித்துக் கறுக்கும். பெயர்ந்த இடத்தைக் காவியில் ஒட்டுப்போட நினைத்தால் நிறம் சேரவே சேராது. கரைக்கோட்டுக்குள் இருக்கும் கட்டம் முழுவதையும் எடுத்துப் போட்டால்தான் கண்ணுக்கு உறுத்தாது. காவித்தூள் சிமென்ட் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. காய்ந்த நிலையிலேயே மொத்தத்தையும் ஒன்றாகக் கலந்து சலித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை கலந்தால் இரண்டாம் நிறம் வரும்.

பல வீடுகளில் போர்ட்டிகோவுக்கு அடியிலேயே சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, இருக்கிறது. அதன் மூடிதான் கார் நிற்கும் தளம். இதை மற்றத் தளம் மாதிரி எண்ணி மேலே பூசிக்கொண்டே போவது எல்லாவற்றிலும் மோசமான தவறு. ஒவ்வொரு பூச்சும் அதன்மேல் கூடுதல் பாரம். சம்பைக் கழுவக் காலி செய்யும் நாளில் டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். துருக்கறை, கம்பி ஓட்டத்தில் நீளவிரிசல், கொட்டிய காங்கிரீட், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது கொத்தனார் வேலை அல்ல, கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டியது. அவர் பார்த்துச் சொல்லும்வரை காரைத் தெருவில் நிறுத்துங்கள்.