மாற்றம் வேண்டிப் படைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியவை

ஓவியரோ நாடகக்காரரோ நிழற்படக் கலைஞரோ, சமூகத்தில் ஒன்றை மாற்ற முனைபவர் படைப்பின் கருவைத் தேடுவதற்கு முன், எந்த முடிவு மாற வேண்டும், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று எழுதினால் அதை அடித்துவிடுங்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு வேலை முடிந்ததா இல்லையா என்று ஒருபோதும் கணிக்க முடியாது.

பிறகு, பாதிக்கப்பட்டவர்களிடம் சென்று விவரங்களைத் திரட்டுங்கள். குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்த அமெரிக்கத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக 1908 முதல் வேலைசெய்யும் சிறுவர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன், ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் வேலையையும் குறித்துக்கொண்டதோடு, தம் மேலங்கியின் பொத்தான்களை அளவுகோலாக வைத்து அவர்களின் உயரத்தையும் கணித்தார். அதனால்தான் அவருடைய படங்கள் இரக்கத்தைத் தூண்டியதோடு நில்லாமல் சான்றாகவும் நின்றன. அப்படியிருந்தும், குழந்தைத் தொழிலாளர் முறையைக் கட்டுப்படுத்த 1916இல் வந்த சட்டத்தை 1918இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நிலைத்த சட்டம் 1938இல்தான் வந்தது. ஒரு கண்காட்சியோடு முடிந்துவிடும் என்று திட்டமிடுபவர்கள் இந்த ஆண்டுகளை நினைவில் கொள்வது நல்லது.

விவரம் தருபவர்களின் முகமும் பெயரும் எங்கே, எவ்வளவு காலம் வெளிவரும் என்பதை முன்கூட்டியே விளக்கி ஒப்புதல் பெறுங்கள். வரைவைக் காட்டி, வேண்டாம் என்றால் நீக்குங்கள். வருமானம் வந்தால் பங்கு யாருக்கு என்பதையும் அப்போதே பேசிவிடுவது, பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

பார்வையாளரை வெறுமனே பார்க்க விடாதீர்கள். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகுஸ்தோ போவால் உருவாக்கிய ‘மன்ற அரங்கு’ (Forum Theatre) என்ற நாடக முறையில், பார்ப்பவர் நாடகத்தை நிறுத்தி, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் தாமே ஏறி வேறொரு வழியை நடித்துக் காட்டலாம். 1992இல் ரியோ டி ஜெனிரோ நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், இத்தகைய நிகழ்வுகளில் மக்கள் முன்வைத்த யோசனைகளைச் சட்ட முன்வரைவுகளாக்கினார். அவற்றுள் 13 சட்டங்களாயின. மன்ற உறுப்பினராக இல்லாதவரும் இதன் சிறு வடிவத்தைச் செய்யலாம்: நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைவதற்குள், மேடையில் எழுந்த யோசனைகளைக் கோரிக்கையாக எழுதிக் கையொப்பம் பெற்று, அதை உரியவரிடம் கொண்டுசெல்லும் இருவரையும் அங்கேயே தேர்ந்தெடுங்கள்.